தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததா மலாயா விடுதலை?

"மலாயாவுக்குச் சுதந்திரத்தை வெள்ளைக்காரன் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்." இந்த வாக்கியம் காதில் விழாத ஆண்டு எனக்கு இல்லை. தருமபுரிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் கேட்டிருக்கிறேன். கோலாலம்பூர் சுற்றுலா போய் வந்தவர்கள், கைப்பேசியில் இரட்டைக் கோபுரத்தைக் காட்டிக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசியாக, படித்தவர்கள் கூடிய ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தில் மேடையில் இருந்தவரே இதைச் சொன்னார். அரங்கம் மொத்தமும் தலையாட்டியது. அந்தத் தலையாட்டலுக்கு மறுப்பாகத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்வாதத்தை நோஞ்சானாக்கிவிட்டு அடிப்பது அழகல்ல. அதை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உப்புச் சத்தியாகிரகத்தில் மட்டும் அறுபதாயிரம் பேருக்கு மேல் சிறை சென்றார்கள். மலாயாவில் அப்படி ஒரு காட்சி இல்லை. மலாய்க்காரர்கள் சுல்தான்களின் நிழலில் வயலும் மீனுமாக வாழ்ந்தார்கள். அரசியல் என்ற ஒன்று அவர்களுக்கு 1946 வரை தெரியாது. அந்த ஆண்டு மலாயா ஒன்றியம் என்ற பிரிட்டிஷ் திட்டம் வந்து சீனருக்கும் இந்தியருக்கும் குடியுரிமை தரப் பார்த்ததும், அதைத் தடுக்கவே அம்னோ பிறந்தது. அந்தக் கட்சியின் தலைமைக்கு வந்த துங்கு அப்துல் ரகுமான், கெடா சுல்தானின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1955 ஜூலைத் தேர்தலில் அவருடைய கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. 1956 பிப்ரவரியில் லண்டனில் கையெழுத்து. 1957 ஆகஸ்ட் 31 அன்று கொடி மாறியது. சிறை, தூக்கு, துப்பாக்கிச் சூடு எதுவும் இல்லை. நம்மவர்கள் காட்டை வெட்டி, ரப்பர் நட்டு, பால் மரம் சீவி நாட்டை உண்டாக்கினார்கள். அரசியலே செய்யாதவர்கள் நாட்டை எடுத்துக்கொண்டார்கள்.

இதுதான் அந்த வாதம். இதில் வரும் தேதிகள் சரி, எண்களும் சரி. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் முழுத் தவறு. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. 'தூங்கிக்கொண்டிருந்தார்கள்' என்பதை முதலில் சொன்னவர் யார்?

தோட்டத் துரைதான். மலாய்க்காரன் சோம்பேறி என்ற முத்திரையைக் குத்திய கைக்கு ஒரு கணக்கு இருந்தது. கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், சொந்த நிலமும் மீன்பிடி ஆறும் வைத்திருந்த மலாய்க்காரர், விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று கங்காணியின் வசவுக்குப் பயந்து கூலி வேலை செய்ய வரவில்லை. வர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. வராதவரைச் சோம்பேறி என்றார்கள். வேறு வழியில்லாமல் கப்பலேறியவரைப் பணிவானவர் என்றார்கள். இரண்டு முத்திரையும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவை. மலேசியச் சமூகவியலாளர் சையத் உசேன் அலாட்டாஸ் 1977இல் ஒரு முழு நூலே எழுதி இந்தச் 'சோம்பேறிச் சுதேசி' என்ற கட்டுக்கதையை உடைத்துப் போட்டார். நம்மைப் பற்றித் துரை எழுதியதை நாம் ஏற்கவில்லை. அவர்களைப் பற்றி அதே துரை எழுதியதை மட்டும் ஏன் வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறோம்?

சோம்பேறி என்ற சொல் பொருளாதாரத்திலும் பொய். கம்பத்து மலாய்க்காரர்கள் தாமாகவே ரப்பர் பயிரிட்டார்கள். அரசு 1917இல் நெல் நிலச் சட்டம் கொண்டுவந்து நெல் வயலில் வேறு பயிர் வைக்கக் கூடாது என்றது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் வந்து ரப்பர் உற்பத்திக்கு அளவு நிர்ணயித்தபோது, பெருந்தோட்டங்களுக்குத் தாராளமாகவும் சிறு நிலக்காரர்களுக்குக் குறைத்தும் பங்கு வைத்தார்கள். உழைக்காதவனைத் தடுக்கச் சட்டம் எதற்கு?

அரசியலுக்கு வருவோம். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் ஈட்டிக்கு இரையானார்; அதற்காக மகாராஜா லேலா 1877இல் தூக்கிலிடப்பட்டார். 1891 முதல் சில ஆண்டுகள் பகாங்கில் பகமான் தலைமையில் ஆயுதக் கலகம் நடந்தது. 1915இல் கிளந்தானில் தோக் ஜங்குட் வரிக்கு எதிராக எழுந்தார். கொன்ற பிறகு அவருடைய உடலை ஊர் பார்க்கத் தொங்கவிட்டார்கள். 1928இல் திரங்கானு விவசாயிகள் நில வரிக்கும் அனுமதிச் சீட்டுக்கும் எதிராகக் கிளம்பினார்கள்; அவர்களுக்கு வழிகாட்டிய ஹாஜி அப்துல் ரகுமான் லிம்போங் மக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் அரசியல் என்று எண்ணுகிற நாம், இவர்களைக் கலகக்காரர்கள் என்று ஒதுக்க ஒரு நியாயமும் இல்லை.

வாள் மட்டுமா? எழுத்தும் இருந்தது. 1906இல் சிங்கப்பூரில் 'அல் இமாம்' இதழ் தொடங்கி, பழைமைக்கும் மதத் தலைமைக்கும் எதிராக 'கௌம் மூடா' எனப்பட்ட இளைய அணி எழுந்தது. அதற்கும் முப்பது ஆண்டுகள் முன்பே, 1876இல், முதல் மலாய்ச் செய்தி இதழான 'ஜாவி பெரானாக்கான்' அங்கே வெளிவந்தது. அதை நடத்தியவர்கள் தென்னிந்திய முஸ்லிம் வழித்தோன்றல்கள், மலாய்த் தாய்களுக்குப் பிறந்தவர்கள். மலாய்ப் பத்திரிகை உலகின் தொட்டிலில் தமிழ் ரத்தமும் இருக்கிறது என்பதை நம் மேடைகளில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1922இல் தஞ்சோங் மாலிமில் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களுக்காக சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மீனவன் மகனைக் கொஞ்சம் மேலான மீனவனாக்கினால் போதும் என்பதுதான் கல்வியைப் பற்றி ஆட்சியாளர்கள் வெளிப்படையாகச் சொன்ன கொள்கை. ஆனால் அந்தக் கல்லூரியிலிருந்து வந்த ஏழை வாத்தியார்கள்தான் 1938இல் இப்ராகிம் யாக்கோப் தலைமையில் இளம் மலாய்ச் சங்கத்தை அமைத்து, சுல்தானையும் வெள்ளையனையும் ஒருசேரக் கேள்வி கேட்டார்கள். 1941இல் ஜப்பானியர் வந்து இறங்கும் வேளையில் பிரிட்டிஷார் செய்த காரியங்களில் ஒன்று, இந்தச் சங்கத்தார் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே போட்டது. தூங்குகிறவனைக் கைது செய்ய எந்த அரசும் போலீஸ் அனுப்பாது.

2. 1946 எழுச்சி நமக்கு எதிரானது மட்டும்தானா?

எதிர்த்தரப்பின் வலுவான இடம் இதுதான். இதை நழுவிப் போக மாட்டேன். மலாயா ஒன்றியத் திட்டம் அங்கே பிறந்த தமிழருக்குக் குடியுரிமைக் கதவைத் திறந்தது உண்மை. மலாய் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டு, 1948 பிப்ரவரி 1இல் வந்த மலாயாக் கூட்டமைப்பு அந்தக் கதவைப் பாதி சாத்தியது உண்மை. வெளியே பிறந்த தோட்டத் தொழிலாளி குடியுரிமை கேட்க வேண்டுமென்றால் பதினைந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்டியாக வேண்டும் என்றார்கள். லயத்து வீட்டில் வாழ்ந்தவனிடம் அதற்கு ஏது காகிதம்? பிற்காலத்தில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்களும், 1969க்குப் பிறகு வேலை உரிமம் இல்லை என்று கப்பலேற்றப்பட்டவர்களும் அந்தப் பாதிக் கதவில் சிக்கியவர்கள். இந்த வலியை நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்தத் திட்டம் வந்த விதத்தைப் பாருங்கள். 1945 அக்டோபரில் லண்டன் நாடாளுமன்றத்தில் அறிவிப்பு. உடனே பிரிட்டிஷ் அரசின் தூதராக ஹெரால்ட் மக்மைக்கேல் கப்பலில் வந்து, இரண்டே மாதத்தில் ஒன்பது சுல்தான்களிடமும் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்து வாங்கினார். ஜப்பானியர் காலத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற விசாரணையும், பட்டம் பறிபோகும் என்ற அச்சமும் அவர்கள் தலைக்கு மேல் தொங்கின. நாட்டு மக்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. மலாய்க்காரரைக் கேட்கவில்லை, சீனரைக் கேட்கவில்லை, குடியுரிமை தருவதாகச் சொன்ன தமிழரையும் கேட்கவில்லை. நல்லதையும் கேட்காமல் திணித்தால் அது ஆட்சிதான், உரிமை ஆகாது. போர் முடிந்து ஓட்டாண்டியாக நின்ற பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும். ஒன்பது சுல்தான்களோடு பேரம் பேசுவதைவிட ஒரே ஆளுநரின் கீழ் ஒரே நிர்வாகம் அவர்களுக்கு வசதி. தமிழன் மேல் பொங்கிய பாசம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்கு எதிராக எழுந்ததை மக்கள் இயக்கம் இல்லை என்று எந்த அளவுகோலால் சொல்வீர்கள்? 1946 மார்ச் முதல் வாரத்தில் கோலாலம்பூர் கம்போங் பாருவில் 41 சங்கங்கள் கூடின. மே 11 அன்று ஜொகூர் பாருவில் அம்னோ உருவானது. ஏப்ரல் 1 அன்று புதிய ஆளுநர் எட்வர்ட் ஜென்ட் பதவியேற்றபோது ஒரு சுல்தான்கூடப் போகவில்லை. அவர்கள் தங்கியிருந்த ரயில் நிலைய விடுதியின் முன் கூட்டம் திரண்டு நின்றது. மலாய் ஆண்கள் ஏழு நாள் தங்கள் தொப்பியில் வெள்ளைத் துணி கட்டி இழவு காத்தார்கள். அதுவரை வீதிக்கு வராத கம்பத்துப் பெண்கள் ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தார்கள். ஒத்துழையாமை என்ற சொல்லை நாம் காந்தியிடம் கற்றோம். அதே செயலை அவர்கள் செய்தால் மட்டும் அதற்குப் பெயர் பொறாமையா?

3. எல்லா மலாய்க்காரரும் அம்னோ என்று யார் சொன்னது?

மறுப்பின் மையம் இதுதான். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

அம்னோ பிறப்பதற்கு ஏழு மாதம் முன்பே, 1945 அக்டோபரில், ஈப்போவில் மலாய் தேசியக் கட்சி தொடங்கப்பட்டது. பி.கே.எம்.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். போருக்குப் பின் மலாய்க்காரர்கள் அமைத்த முதல் அரசியல் கட்சி அதுதான். புர்கானுத்தீன் அல் ஹெல்மி, அகமது போஸ்தமாம், இசாக் ஹாஜி முகமது ஆகியோர் அதன் முன்னணியினர். சுல்தானின் அரண்மனையில் கூடியவர்கள் இல்லை. வாத்தியார்கள், பத்திரிகைக்காரர்கள், கம்பத்துப் பிள்ளைகள். 'சுயராஜ்யம் நாளை பார்க்கலாம்' என்று அம்னோ இருந்த காலத்தில் இவர்கள் முழு விடுதலை கேட்டார்கள். அம்னோவின் முழக்கம் 'மலாய்க்காரர் வாழ்க'வாகவே 1951 வரை இருந்தது. 'மெர்டேக்கா', அதாவது விடுதலை, என்ற முழக்கத்தை அவர்கள் எடுத்துக்கொண்டது அதன் பிறகு. அந்தச் சொல்லை ஐந்து ஆண்டு முன்பே தெருவில் முழங்கியவர்கள் பி.கே.எம்.எம். இளைஞர்கள்.

அந்த இளைஞர் அமைப்புக்கு 'ஆப்பி' என்று பெயர். மலாயில் ஆப்பி என்றால் நெருப்பு. பெண்கள் அமைப்புக்கு 'ஆவாஸ்'. எச்சரிக்கை என்று பொருள். அதை நடத்திய சம்சியா ஃபாக்கே, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கிராமத்துப் பெண். ஆப்பியின் அறிக்கைக்காகப் போஸ்தமாம் மேல் ராஜத்துரோக வழக்கு நடந்தது. 1947 ஜூலையில் அமைப்பே தடை செய்யப்பட்டது. தேதியைக் கவனியுங்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது 1948 ஜூனில். காட்டில் ஒரு குண்டும் வெடிக்காத காலத்திலேயே, வெள்ளை அரசு தடை போட்டது ஒரு மலாய் இளைஞர் அமைப்பின் மேல். அரசியலே தெரியாத மக்கள் என்று நாம் சொல்பவர்களைக் கண்டு ஆட்சி அவ்வளவு அஞ்சியது.

இதற்கு மேல்தான் நம் மேடைகள் மறைத்துவிட்ட பகுதி. 1947இல் பி.கே.எம்.எம். தலைமையிலான மலாய் அமைப்புகள் 'புத்திரா' என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. மலாய்க்காரர் அல்லாத அமைப்புகள் டான் செங் லோக் தலைமையில் அனைத்து மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றமாகத் திரண்டன. அதில் தொழிற்சங்கங்கள் இருந்தன, ஜான் திவி தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரசும் இருந்தது. இரண்டு அணியும் சேர்ந்து ஒரு மக்கள் அரசியல் சட்டத்தையே எழுதின. அதன் பத்துக் கொள்கைகளில் ஆறு கூட்டு மன்றத்துடையவை, நான்கு புத்திரா சேர்த்தவை. சிங்கப்பூரும் சேர்ந்த ஒரே மலாயா. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம். அரசியல் சட்ட மன்னர்களாக சுல்தான்கள். மலாயாவைத் தாயகமாக ஏற்ற அனைவருக்கும் சம உரிமை. மலாய் ஆட்சி மொழி. குடிமக்கள் எல்லாருக்கும் பொதுப்பெயர் 'மெலாயு'.

கடைசிக் கொள்கையை இன்னொரு முறை படியுங்கள். தமிழனும் சீனனும் தம்மை 'மெலாயு' நாட்டவர் என்று அழைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்; மலாய்க்காரர் அந்தப் பெயரைத் தம் இனத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் பகிர ஒப்புக்கொண்டார்கள். இரு தரப்பும் எதையோ விட்டுக்கொடுத்து எதையோ பெற்ற ஒப்பந்தம். பிறகு வந்த எந்தப் பேரத்தையும்விட இது நேர்மையானது என்பது என் தீர்மானமான கருத்து. அதை வலியுறுத்தி 1947 அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. 'ஹர்த்தால்' என்ற நம் சொல்லையே அங்கேயும் சொன்னார்கள். பிரிட்டன் அந்த வரைவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்னோவோடும் சுல்தான்களோடும் மட்டும் பேசி முடித்த கூட்டமைப்பைக் கொண்டுவந்தது.

நம்மவர்களுக்குக் குடியுரிமையை மறுத்தது யார் என்ற கேள்விக்கு 'மலாய்க்காரர்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறவர்கள், அதைத் தர முன்வந்து கையெழுத்திட்ட மலாய்க்காரர்களை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

4. சிறை இல்லையாம், தூக்கு இல்லையாம்.

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க என்றார்கள். வலை அதைவிட அகலமாக விழுந்தது. போஸ்தமாம் அந்த ஜூலையில் கைதானார். வெளியே வந்தது 1955இல். ஏழு ஆண்டு, விசாரணை இல்லாமல். இசாக் ஹாஜி முகமது ஐந்து ஆண்டு உள்ளே இருந்தார். குனோங் செமாங்கோலில் 1948 மார்ச்சில் பிறந்த ஹிஸ்புல் முஸ்லிமின் என்ற இஸ்லாமியக் கட்சி ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. அதன் தலைவர் அபு பக்கர் அல் பாக்கிரையும் பிடித்துக்கொண்டார்கள். புர்கானுத்தீன் சிங்கப்பூரில் நடந்த 1950 டிசம்பர்க் கலவரத்தை ஒட்டிக் கைதானார். சம்சியா கம்யூனிஸ்ட் போராளிகளோடு காட்டுக்குப் போனார். ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவசரகாலம் முறைப்படி முடிந்தது 1960 ஜூலையில். விடுதலை கிடைத்து மூன்று ஆண்டு கழித்து.

அதாவது வெள்ளைக்காரன் கொடுத்தான் என்பதைப் பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறேன். யாரைச் சிறையில் வைத்துவிட்டுக் கொடுத்தான்? சமத்துவம் கேட்ட மலாய்க்காரன், தொழிற்சங்கம் கட்டிய தமிழன், குடியரசு பேசிய சீனன், எல்லாரையும் உள்ளே தள்ளிவிட்டு, தோட்டத்தையும் சுரங்கத்தையும் தொடாதவர்கள் என்று நம்பியவர்களிடம் கொடுத்தான்.

அதையும் இனாமாகக் கொடுக்கவில்லை. 1954இல் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று துங்கு லண்டன் வரை போய்க் கேட்டார். சரியான பதில் வரவில்லை. கூட்டணியினர் மன்றங்களிலிருந்து வெளியேறினார்கள். பிறகுதான் பிரிட்டிஷார் இறங்கி வந்தார்கள். 1955 டிசம்பரில் பாலிங்கில் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் துங்குவோடு நேருக்கு நேர் உட்கார்ந்து, உள்நாட்டுப் பாதுகாப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வந்தால் ஆயுதத்தைக் கீழே வைப்போம் என்றார். அந்த வாக்கு லண்டன் மேசையில் துங்குவின் கையில் இருந்த துருப்பு. காட்டில் கிடந்த துப்பாக்கி இல்லாவிட்டால் 1957 என்ற ஆண்டே வேறொன்றாக இருந்திருக்கும். கம்யூனிஸ்டுகள் செய்த கொலைகளை நான் நியாயப்படுத்த வரவில்லை. காரணத்தைக் காரணம் என்று சொல்கிறேன்.

5. 'நம்மவர்களுக்கு அங்கே என்ன அரசியல்' என்பது நம்மையே இழிவு செய்யும் பேச்சு.

தஞ்சாவூர், திருச்சி, வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். அன்று தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2இல். பஞ்சமும் கடனும் விரட்டிய குடும்பங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறின. இந்திய அரசு 1938இல் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தும் வரை அந்தக் கப்பல்கள் ஓடின.

அவர்கள் அங்கே தலை கவிழ்ந்தே கிடந்தார்களா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது. ராணுவத்தை இறக்கினார்கள். ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். 1946, 47இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை என்று தோட்டத்து இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். தொழிலாளியின் கூலியைத் தோட்டத்துக் கள்ளுக்கடையே திருப்பி உறிஞ்சிக்கொண்ட ஏற்பாட்டை அவர்கள் எதிர்த்தார்கள். போலீஸை வைத்து அடக்கினார்கள். தமிழ்நாட்டில் ராஜாஜி அமைச்சரவை முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937 அக்டோபர் 1இல், நம்முடைய சேலம் மாவட்டத்தில். அந்தச் செய்தி கப்பலேறிக் கெடா வரை போயிருக்காது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி, அனைத்து மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்திருந்த அமைப்பு அது. அதன் குரல்வளையைச் சட்டத் திருத்தத்தால் நெரித்தார்கள். கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் பிடித்துத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். நேருவின் அரசு கருணை கேட்டது. பிரிட்டிஷ் அரசு கேட்கவில்லை. அவரோடு சேர்ந்து தொழிற்சங்கம் நடத்திய வீரசேனன், கணபதி தூக்கிலிடப்படுவதற்கு முதல் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தான் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் இந்த இருவரின் பெயரையும் அழிக்கிறோம்.

6. இந்தப் பொய்யால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் மூன்று.

முதலாவது, இன்றைய மலேசியாவின் இன அரசியலை நாம் இயற்கை விதி என்று நம்பத் தொடங்குகிறோம். 1955 தேர்தலில் வாக்காளர் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் 84 விழுக்காடு மலாய்க்காரர். மக்கள்தொகையில் அவர்கள் பாதிதான். அந்த இடைவெளியை உண்டாக்கியது 1948 குடியுரிமை விதி. மூன்று இனமும் சேர்ந்து வேறொரு நாட்டை எழுதிக் காட்டிய பிறகும், அதை எழுதியவர்களைச் சிறையில் அடைத்து இந்த ஏற்பாட்டை நிறுவினார்கள். மனிதர் எடுத்த முடிவை மண்ணின் குணம் என்று சொல்வது, முடிவெடுத்தவனைத் தப்பவிடுவது.

இரண்டாவது, அங்கே வாழும் தமிழர்களுக்குத் தோழமை எங்கிருந்து வரும் என்பதை நாமே மறைத்துவிடுகிறோம். போஸ்தமாமைப் போன்ற ஒரு மலாய்க்காரர் தங்களோடு நின்றார் என்று தெரிந்த தமிழ்ப் பிள்ளை அரசியல் பேசும் விதம் வேறு. எல்லா மலாய்க்காரரும் எதிரி என்று நம்பி வளர்ந்த பிள்ளை பேசும் விதம் வேறு. இங்கிருந்து நாம் அனுப்பும் இரக்கப் பேச்சு இரண்டாம் வகையைத்தான் வளர்க்கிறது.

மூன்றாவது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கம்பத்து மலாய்க்காரரைப் பற்றி நாம் சொல்வதை அப்படியே தருமபுரியைப் பற்றிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்தங்கிய மாவட்டம், மழை இல்லாத பூமி, அரசியல் விழிப்பு தாமதமாக வந்த ஊர். விடுதலைப் போராட்டம் என்றால் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா ஒருவர், அதோடு சரி. 1908இல் சிறை சென்று, அங்கே தொழுநோய் வாங்கி, ரயிலில் ஏறவும் தடை விதிக்கப்பட்டு, கால்நடையாக ஊர் ஊராகப் பேசித் திரிந்து, 1925 ஜூலை 23இல் பாப்பாரப்பட்டியில் உயிர்விட்டவர் அவர். அந்த மனிதர் தன் கடைசி ஆசிரமத்துக்கு இந்த மண்ணைத் தேர்ந்தது கேட்க ஆளில்லாத ஊர் என்பதாலா? அவர் பேச்சைக் கேட்டவர்கள், அவருக்குச் சோறு போட்டவர்கள், அவரை மறைத்து வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கப்படாததால் இல்லை என்று ஆகிவிட்டார்கள். நமக்கு இழைக்கப்பட்ட இதே அநியாயத்தைக் கடல் தாண்டி இன்னொரு மக்களுக்கு நாம் இழைக்கிறோம்.

மலாயாவிலிருந்து திரும்பியவர்களின் வீடுகள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கலாம். தகரப் பெட்டிக்குள் பழைய கடவுச்சீட்டோ, தொழிற்சங்கச் சந்தா ரசீதோ, குழுப் படமோ கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மாவட்ட மைய நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்; வீட்டுப் பெரியவர் உயிரோடு இருந்தால் இன்றே உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

1957 ஆகஸ்ட் 31 அன்று கோலாலம்பூரில் புதுக் கொடி ஏறியபோது, கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டு எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தக் கொடிக்கு முன்பே மெர்டேக்கா என்று முழங்கிய சம்சியா ஃபாக்கே அன்று நாட்டில் இல்லை. அவரைத் திரும்பி வர அனுமதித்தது 1994இல்.